மெய்நிகர் உலகில் மனித நடத்தையைச் சோதிக்க: புதிய ஆய்வாளருக்கு ஒரு வழிகாட்டி

மாசி வீதியில் நின்றுகொண்டு, கோயிலுக்கு எந்தப் பக்கம் போக வேண்டும் என்று கேட்கும் வெளியூர்க்காரர்களை மதுரையில் நாள்தோறும் பார்க்கிறோம். கோயிலைச் சுற்றி ஆடி, சித்திரை, ஆவணி மூலம், மாசி, வெளி என்று வீதிகள் ஒன்றுக்கு வெளியே ஒன்றாகச் சதுரமாக அமைந்திருப்பதும், அவை கீழ, மேல, வடக்கு, தெற்கு என்று திசையைத் தம் பெயரிலேயே தாங்கியிருப்பதும் ஊர்க்காரர்களுக்குக் கைகொடுக்கின்றன. புதிதாக வருகிறவருக்கோ நான்கு பக்கமும் ஒன்றுபோலவே தெரிகிறது. நடக்கும்போது கோபுரம் கண்ணில் பட்டுக்கொண்டே இருந்தால் ஊரின் அமைப்பு அவர் மனத்தில் விரைவாகப் பதியுமா, அல்லது கோபுரத்தையே நம்பிப் பழகிவிட்டு, அது தெரியாத சந்தில் இன்னும் அதிகமாகத் தடுமாறுவாரா? நிஜ வீதியில் இதைச் சோதிக்க வழியில்லை, ஏனென்றால் கோபுரத்தை யாரும் பாதிப் பேருக்குக் காட்டிப் பாதிப் பேருக்கு மறைக்க முடியாது. மெய்நிகர் உலகில் அது ஒரு பொத்தானை அழுத்தும் வேலைதான்.

மதுரைக் கல்லூரிகளில் உளவியலும் கணினி அறிவியலும் படிக்கும் மாணவர்கள் சிலருக்கு இத்தகைய ஆய்வுகளில் உதவி வருகிறேன். முதல் நாளில் அவர்கள் எல்லோரும் கேட்பது எந்த மென்பொருளை நிறுவ வேண்டும் என்பதையே. அதற்குப் பதில் சொல்லும் முன் ஒரு வெள்ளைத் தாளைக் கொடுத்து, ஆய்வு முடிந்த பிறகு உங்கள் கையில் இருக்கப்போகும் தரவுக் கோப்பின் முதல் வரியை இதில் எழுதுங்கள் என்று கேட்டுக்கொள்வேன். அந்த ஒரு வரியை எழுத முடிந்தவர்களுக்கு மென்பொருளைத் தேர்ந்தெடுப்பது அரை மணி நேர வேலையாக இருப்பதையும், எழுத முடியாதவர்கள் அழகான முப்பரிமாண ஊரைக் கட்டி முடித்துவிட்டுக் கடைசி மாதத்தில் என்ன அளந்தோம் என்று தெரியாமல் நிற்பதையும் பலமுறை பார்த்திருக்கிறேன். ஆகவே இந்தக் கட்டுரையும் அந்த வரியிலிருந்தே தொடங்குகிறது. மேலே சொன்ன கோபுரக் கேள்வியையே எடுத்துக்காட்டாகக் கடைசிவரை கொண்டுசெல்கிறேன்.

தாளில் எழுத வேண்டிய வரி

ஒரு முயற்சிக்கு ஒரு வரி என்பதே அடிப்படை விதி. பங்கேற்பாளர் ஒரு சந்திப்பில் நிற்கிறார். முன்பு வழியில் பார்த்த வளையல் கடை எந்தத் திசையில் இருக்கிறது என்று கேட்கிறோம். அவர் கையில் பிடித்திருக்கும் கன்ட்ரோலரை நீட்டிக் காட்டி விசையை அழுத்துகிறார். இது ஒரு முயற்சி. இதற்கான வரியில் பங்கேற்பாளரின் எண், எந்த ஊர், கற்கும்போது கோபுரம் தெரிந்ததா இல்லையா, இது அவருக்கு முதல் ஊரா இரண்டாவது ஊரா, முயற்சியின் எண், நிற்கும் சந்திப்பு, கேட்கப்பட்ட இலக்கு, சரியான கோணம், அவர் காட்டிய கோணம், இரண்டுக்கும் இடையிலான பிழை, எடுத்துக்கொண்ட நேரம் ஆகியவை இருக்க வேண்டும். இவற்றில் நாம் மாற்றுபவை எவை, அளப்பவை எவை என்று இரண்டு நிற மையால் அடிக்கோடிட்டுப் பாருங்கள். எதிலும் சேராத நெடுவரிசை ஏதேனும் இருந்தால் அதை ஏன் பதிவு செய்கிறோம் என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள்.

வரியை எழுதும்போதே சில பெரிய முடிவுகள் தாமாகவே வெளிப்படும். மதுரையையே மெய்நிகரில் கட்டலாமே என்றுதான் முதலில் தோன்றும். ஆனால் மதுரையில் வளர்ந்த பங்கேற்பாளருக்கு விளக்குத்தூண் எங்கே இருக்கிறது என்பது ஏற்கெனவே தெரியும். அவர் காட்டும் திசை, நம் அறையில் கற்றதா இருபது ஆண்டுகளாக நடந்து கற்றதா என்று பிரித்தறிய முடியாது. எனவே மதுரையின் சதுர வீதி அமைப்பை மட்டும் வைத்துக்கொண்டு, கடைகளையும் சந்திப்புகளையும் மாற்றி, இல்லாத இரண்டு ஊர்களைக் கட்டுகிறோம். ஒவ்வொருவரும் ஓர் ஊரைக் கோபுரத்தோடும் மற்றொன்றைக் கோபுரம் இல்லாமலும் கற்பார். திசை காட்டும்போது இரண்டிலும் கோபுரம் தெரியாது. எந்த ஊர் முதலில், எந்த ஊரில் கோபுரம் என்ற இரண்டையும் மாற்றினால் 4 வரிசைமுறைகள் கிடைக்கின்றன. பங்கேற்பாளர்களை இந்த நான்கிலும் சமமாகப் பங்கிட வேண்டும்.

திசையைத்தான் கேட்க வேண்டும், தூரத்தைக் கேட்கக் கூடாது என்பதும் தாளிலேயே முடிவாக வேண்டியது. மெய்நிகர் உலகைக் காண தலையில் அணியும் ஹெட்செட்டுக்குள் பார்க்கும் தூரங்களை மனிதர்கள் குறைத்தே மதிப்பிடுகிறார்கள். பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த 2013ஆம் ஆண்டுக் கட்டுரையொன்று, சராசரி மதிப்பீடு உண்மைத் தூரத்தில் ஏறத்தாழ 74 விழுக்காடாக இருப்பதாகக் கணக்கிட்டது. அந்தக் குறைபாட்டை ஆராய்வதே நோக்கம் என்றால் தூரத்தைக் கேட்கலாம். நம் கேள்விக்கு அது தேவையற்ற சிக்கல்.

எத்தனை பேர் வேண்டும் என்பதை ஜி-பவர் என்ற இலவச மென்பொருளில் முன்கூட்டியே கணக்கிடுங்கள். ஒரே ஆளிடம் இரண்டு நிலைமைகளை ஒப்பிடும்போது, நடுத்தர அளவான 0.5 விளைவை, 0.05 என்ற முக்கியத்துவ வரம்பில், 80 விழுக்காடு திறனோடு (அதாவது விளைவு உண்மையில் இருந்தால் அதைக் கண்டறியும் வாய்ப்பு 80 விழுக்காடாக இருக்குமாறு) கண்டறிய 34 பேர் தேவை. நம்மிடம் 4 வரிசைமுறைகள் இருப்பதால் அது 36 ஆகிறது. இதே ஆய்வை இரண்டு தனித்தனிக் குழுக்களாகச் செய்தால் குழுவுக்கு 64 பேர் வேண்டும் என்பதைப் பார்த்தால், ஒரே ஆளை இரண்டு ஊர்களிலும் நடக்க வைக்கும் திட்டத்தை ஏன் விரும்புகிறேன் என்பது விளங்கும்.

எந்தக் கருவி

படங்களைத் திரையில் காட்டி, விசையை எவ்வளவு விரைவாக அழுத்துகிறார்கள் என்று மட்டும் அளக்கப் போகிறீர்கள் என்றால் ஹெட்செட்டை விட்டுவிடுங்கள். நாட்டிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் தோன்றிய சைக்கோபை என்ற இலவச மென்பொருளும் ஒரு சாதாரண மேசைக் கணினியும் அதற்குப் போதும். அளவும் அதில்தான் நம்பகமாக இருக்கும். உடல் திரும்புவது, கை நீட்டுவது, சுற்றிலும் பார்ப்பது போன்றவை கேள்வியின் உள்ளே இருந்தால்தான் மெய்நிகர் சூழலுக்கான செலவும் உழைப்பும் பொருந்தும்.

நம் கேள்வியில் அவை இருக்கின்றன. இத்தகைய ஆய்வுகள் பெரும்பாலும் யூனிட்டி என்ற விளையாட்டு எஞ்சினில் செய்யப்படுகின்றன. அன்ரியல் எஞ்சினில் காட்சி இன்னும் அழகாக அமையலாம், ஆனால் சி-ஷார்ப் மொழியில் எழுதும் யூனிட்டி புதியவருக்கு எளிது. ஆய்வுக்கென்றே அதன்மேல் எழுதப்பட்ட இலவசச் சட்டகங்களும் பல உள்ளன. எஞ்சின் ஊரைக் காட்டும், கையின் அசைவைப் பின்தொடரும். முயற்சிகளை வரிசைப்படுத்துவது, நிலைமைகளைக் கலைத்துப் போடுவது, ஒவ்வொரு முயற்சியின் முடிவையும் பங்கேற்பாளரின் எண்ணோடு கோப்பில் எழுதுவது ஆகியவற்றை அது செய்யாது. அந்த இடத்தைத்தான் இந்தச் சட்டகங்கள் நிரப்புகின்றன.

அவற்றில் புதியவர்களுக்கு நான் முதலில் பரிந்துரைப்பது, இங்கிலாந்தின் லீட்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் உருவாக்கி 2019இல் ஆய்விதழில் விளக்கிய யுஎக்ஸ்எஃப். ஓர் ஆய்வு பல அமர்வுகளாகவும், அமர்வு பல தொகுதிகளாகவும், தொகுதி பல முயற்சிகளாகவும் பிரியும் என்ற எளிய கருத்தின்மேல் அது கட்டப்பட்டுள்ளது. தாளில் எழுதிய வரி அப்படியே அதில் பொருந்திவிடும். கனடாவின் யார்க் பல்கலைக்கழகத்திலிருந்து வந்த பிஎம்எல்-டக்ஸில், மாற்றும் காரணிகளைப் பட்டியலிட்டால் போதும், அவற்றின் எல்லாச் சேர்க்கைகளையும் அதுவே அட்டவணையாக்கித் தரும். காரணிகள் மூன்று நான்கு என்று பெருகும் ஆய்வுகளுக்கு அதையே விரும்புவேன். வழியறிதல் ஆய்வுக்கென்றே அரிசோனா பல்கலைக்கழகத்தில் உருவான லேண்ட்மார்க்ஸ் என்ற தொகுப்பும் உண்டு. அதில் பல வேலைகள் ஆயத்தமாகவே கிடைக்கின்றன, ஆனால் அதன் போக்கிலிருந்து விலகி எதையாவது செய்ய வேண்டுமென்றால் புதியவருக்குக் கடினம்.

பைத்தான் நிரல்மொழி மட்டுமே தெரிந்தவர்களுக்கு விசார்ட் பொருத்தமானது என்றாலும் அது விலைக்கு வாங்க வேண்டிய மென்பொருள். பங்கேற்பாளர்கள் தங்கள் வீட்டிலிருந்தே உலாவி வழியாகக் கலந்துகொள்ள வேண்டும் என்றால், மொசில்லா குழுவிலிருந்து 2015இல் வெளிவந்த ஏ-ஃபிரேமைப் பாருங்கள். மூளை அலைப் பதிவு, இதயத் துடிப்பு போன்ற வேறு கருவிகளும் சேரும் ஆய்வுகளில் எல்லாக் கடிகாரங்களையும் ஒத்திசைக்க லேப் ஸ்ட்ரீமிங் லேயர் என்ற மென்பொருள் தேவைப்படும். முதல் ஆய்வில் அதில் இறங்க வேண்டாம்.

நிறுவுதலும் முதல் ஓட்டமும்

யூனிட்டி ஹப்பை நிறுவி, அதன் வழியே நீண்டகால ஆதரவுள்ள பதிப்பு ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். குவெஸ்ட் போன்ற தனித்து இயங்கும் ஹெட்செட்டில் ஓட்டப்போகிறீர்கள் என்றால் ஆண்ட்ராய்டு கட்டமைப்புக்கான துணைத்தொகுதியையும் அப்போதே சேர்த்துவிடுங்கள். பதிவிறக்கம் பல ஜிபி அளவு இருக்கும் என்பதால் விடுதியின் இணையத்தை நம்பாமல் ஆய்வகத்திலேயே முடித்துக்கொள்வது நல்லது. தேர்ந்த பதிப்பின் எண்ணைத் தாளில் குறித்துக்கொண்டு, ஆய்வு முடியும்வரை அதை மாற்றாதீர்கள். ஹெட்செட்டோடு பேசுவதற்கு ஓபன்-எக்ஸ்ஆர் என்ற பொதுத்தரத்தைத் தேர்ந்தால், பின்னாளில் வேறு நிறுவனத்தின் ஹெட்செட் கிடைத்தாலும் பெரும்பாலான வேலை வீணாகாது.

அடுத்து யுஎக்ஸ்எஃப் தொகுப்பை உங்கள் திட்டத்துக்குள் இறக்கி, அதோடு வரும் ஆயத்தப் பொருளை (யூனிட்டியில் இதை prefab என்பார்கள்) காட்சியில் வையுங்கள். அதில் நான்கு தருணங்களில் உங்கள் நிரலை இணைக்கலாம்: அமர்வு தொடங்கும்போது, ஒவ்வொரு முயற்சியும் தொடங்கும்போது, அது முடியும்போது, அமர்வு முடியும்போது. அமர்வு தொடங்கும்போது ஓடும் நிரலில் ஊருக்கு ஒன்றாக இரண்டு தொகுதிகளை, தொகுதிக்கு 20 முயற்சிகளோடு உருவாக்கி, தொகுதிக்குள் முயற்சிகளைக் கலைத்துப் போடுங்கள். முயற்சி தொடங்கும்போது பங்கேற்பாளரை உரிய சந்திப்பில் நிறுத்தி இலக்கின் படத்தைக் காட்டுங்கள். விசை அழுத்தப்பட்டதும் கோணத்தைக் கணக்கிட்டு, முடிவுகளில் எழுதி, முயற்சியை முடித்து, அடுத்ததைத் தொடங்குங்கள். இந்த நிரல் நூறு வரியைத் தாண்டாது.

முயற்சிகளின் எண்ணிக்கை, ஓய்வு நேரம் போன்ற எண்களை நிரலுக்குள் புதைக்காமல் யுஎக்ஸ்எஃப் படிக்கும் ஜேசன் அமைப்புக் கோப்பில் வையுங்கள். அமர்வுக்குக் கொடுத்த மதிப்பைத் தொகுதியிலும், தொகுதிக்குக் கொடுத்ததை முயற்சியிலும் மாற்றிக்கொள்ளலாம். ஒரு முயற்சியில் மதிப்பு இல்லையென்றால் அது தொகுதியில் தேடும், அங்கும் இல்லையென்றால் அமர்வில் தேடும். மூன்று முயற்சிகள் மட்டும் கொண்ட சோதனைக் கோப்பு ஒன்றும், 40 முயற்சிகள் கொண்ட உண்மைக் கோப்பு ஒன்றும் வைத்துக்கொண்டால், நிரலைத் தொடாமலே பிழை பார்க்கலாம்.

ஊரைக் கட்டுவதற்கு முன்பே, வெறும் தரையில் நான்கு கனசதுரங்களை மட்டும் வைத்து ஆய்வை முழுமையாக ஓட்டி, வெளிவரும் சிஎஸ்வி கோப்பை (காற்புள்ளியால் பிரித்த அட்டவணை) திறந்து, தாளில் எழுதிய வரியோடு ஒவ்வொரு நெடுவரிசையாக ஒப்பிடுங்கள். பங்கேற்பாளரின் எண், தொகுதி எண், முயற்சி எண், தொடக்க நேரம், முடிவு நேரம் ஆகியவற்றை யுஎக்ஸ்எஃப் தானே எழுதிவிடும். மற்றவை உங்கள் பொறுப்பு. இந்த ஒப்பீடு சரியாகும்வரை ஒரு சுவரைக்கூட எழுப்ப வேண்டாம் என்று மாணவர்களிடம் கண்டிப்பாகச் சொல்லிவிடுவேன்.

முயற்சி முடிவுகளின் அட்டவணையை யுஎக்ஸ்எஃப் அமர்வு முடியும்போதுதான் கோப்பாக எழுதுகிறது. முப்பதாவது முயற்சியில் மின்சாரம் போய்க் கணினி அணைந்தால் அந்த அட்டவணையும் போய்விடும். மேசைக் கணினியில் ஓட்டுகிறவர்களுக்கு யுபிஎஸ் கட்டாயம். அதோடு ஒவ்வொரு முயற்சியின் முடிவிலும் ஒரு வரியைத் தனிக் கோப்பில் சேர்த்து எழுதும் சிறு நிரலையும் வைத்துக்கொள்ளுங்கள்.

குவெஸ்டில் நேரடியாக ஓட்டினால் வேறோர் ஆபத்து உண்டு. தரவு, செயலிக்கென ஹெட்செட்டுக்குள் ஒதுக்கப்பட்ட கோப்புறையில் இருக்கும். செயலியை நீக்கினால் அந்தக் கோப்புறையும் சேர்ந்து அழிந்துவிடும். நாங்கள் முதலில் செய்த ஆய்வில், 6 பேர் முடித்த பிறகு ஒரு சிறு திருத்தத்துக்காக வேறொரு மடிக்கணினியிலிருந்து செயலியை மீண்டும் ஏற்ற முயன்றோம். செயலியோடு சேரும் டிஜிட்டல் கையொப்பச் சாவி கணினிக்குக் கணினி வேறுபடும் என்பதால் ஹெட்செட் அதை ஏற்கவில்லை. பழையதை நீக்கினால் சரியாகிவிடும் என்று நீக்கினோம், ஏற்றினோம், சரியாகவும் ஓடியது. அன்று மாலை தரவை எடுக்க கேபிளைச் செருகியபோது கோப்புறை வெறுமையாக இருந்தது. வகுப்பு முடிந்த பிறகு காத்திருந்து நேரம் கொடுத்த அந்த 6 பேரிடமும் போய் அவர்கள் உழைப்பு வீணாகிவிட்டது என்று சொல்ல வேண்டியிருந்தது. ஒவ்வொருவரும் எழுந்து போன உடனேயே, அடுத்தவர் உட்காரும் முன், தரவை வெளியே எடுத்து இரண்டு இடங்களில் படியெடுத்து வைப்பது அன்றிலிருந்து எங்கள் வழக்கம்.

கோணம் என்னும் பொறி

யூனிட்டியில் ஒய் அச்சு மேல்நோக்கியது. தரை என்பது எக்ஸ், இசட் அச்சுகள். இசட்டின் நேர்ப்பக்கத்தை வடக்கு என்றும் எக்ஸின் நேர்ப்பக்கத்தைக் கிழக்கு என்றும் வைத்துக்கொண்டால் ஊரை மதுரை போலவே எண்ணிப் பார்க்கலாம்: வடக்கு வீதி மேலே, கீழ வீதி வலப்பக்கம். அப்போது வடக்கு 0 பாகை, கிழக்கு 90, தெற்கு 180, மேற்கு 270. பள்ளிக் கணக்கில் கோணத்தை எக்ஸ் அச்சிலிருந்து இடஞ்சுழியாக அளந்து பழகியவர்கள் இங்கே தவறுவார்கள். யூனிட்டியில் இந்தக் கோணம் இசட் அச்சிலிருந்து வலஞ்சுழியாக வளர்கிறது. கன்ட்ரோலர் நீளும் திசையைத் தரையில் வீழ்த்தி, அதன் எக்ஸ், இசட் கூறுகளிலிருந்து கோணத்தை எடுக்க வேண்டும்.

தெற்கு வீதியில் ஒருவர் நிற்கிறார், இலக்கு நேர் வடக்கே இருக்கிறது என்று கொள்வோம். சரியான கோணம் 0. அவர் சற்றே இடப்பக்கமாகக் காட்டுகிறார். பதிவான கோணம் 352. நேராகக் கழித்தால் பிழை 352 பாகை என்று வரும். உண்மையில் அவர் 8 பாகைதான் விலகியிருக்கிறார். மிக நன்றாகக் காட்டியவர் தரவில் மிக மோசமானவராகிவிடுகிறார். இரண்டு கோணங்களுக்கு இடையிலான குறுகிய வேறுபாட்டைத் தருவதற்கென்றே யூனிட்டியில் ஆயத்தச் சார்பு உண்டு. அதைப் பயன்படுத்தினால் விடை எப்போதும் கழித்தல் 180க்கும் கூட்டல் 180க்கும் இடையில் இருக்கும். சராசரி எடுக்கும்போதும் இதே கவனம் வேண்டும். 350, 10 என்ற இரண்டு கோணங்களும் வடக்கை ஒட்டியவை. ஆனால் கூட்டி இரண்டால் வகுத்தால் 180, அதாவது நேர் தெற்கு என்று வரும். ஆகவே காட்டிய கோணங்களைச் சராசரி எடுக்காமல், ஒவ்வொரு முயற்சியிலும் பிழையைக் கணக்கிட்டு, குறியை நீக்கிய பிழைகளைச் சராசரி எடுங்கள்.

மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டிய எண் 90. ஒருவர் எதுவுமே அறியாமல் கண்டபடி திசை காட்டினால், குறி நீக்கிய பிழையின் சராசரி 90 பாகையை ஒட்டி இருக்கும். உங்கள் பங்கேற்பாளர்கள் எல்லோருமே 90ஐ ஒட்டி நின்றால் ஊரைக் கற்க அவர்களுக்குக் கொடுத்த நேரம் போதவில்லை, அல்லது நிரலில் கோணம் தவறாக இருக்கிறது. நீங்களே உட்கார்ந்து, விடை தெரிந்த 10 இலக்குகளைச் சரியாகக் காட்டிப் பாருங்கள். பிழை சில பாகைகளுக்குள் இல்லையென்றால் நிரலில்தான் கோளாறு.

கன்ட்ரோலரின் கோணத்தோடு தலையின் நிலையையும் திருப்பத்தையும் முயற்சி முழுவதும் பதிவு செய்யும் வசதி யுஎக்ஸ்எஃபில் இருக்கிறது. ஒருவர் காட்டும் முன் எத்தனை முறை சுற்றிப் பார்த்தார் என்பது பல நேரங்களில் அவர் காட்டிய கோணத்தைவிட அதிகம் சொல்லும். ஆனால் இந்தப் பதிவு பெயர் இல்லாத தரவு என்று எண்ணிவிடக் கூடாது. 2020இல் வெளியான ஸ்டான்ஃபோர்டு ஆய்வு ஒன்றில், 511 பேரின் தலை, கை அசைவுகளை ஆளுக்கு ஐந்து நிமிடத்துக்கும் குறைவாகக் கற்ற நிரல், அவர்களுள் இன்னார் என்று 95 விழுக்காடு சரியாக அடையாளம் கண்டது. எனவே அசைவுக் கோப்புகளைப் பெயர்ப் பட்டியலோடு ஒரே கோப்புறையில் வைக்க வேண்டாம், பொதுவெளியில் பகிர்வதாக இருந்தால் ஒப்புதல் படிவத்திலேயே அதைச் சொல்லுங்கள்.

தமிழ் எழுத்து

யூனிட்டியில் எழுத்துகளைக் காட்டப் பெரும்பாலோர் பயன்படுத்தும் டெக்ஸ்ட்மெஷ்-ப்ரோ, தமிழ் எழுத்துகளைச் சேர்த்து அமைக்கும் முறையை அறியாது. ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் ஐகாரக் கொம்பும் எழுத்துக்கு முன்னால் வராமல் பின்னால் போய் அடுத்த எழுத்தோடு ஒட்டிக்கொள்ளும். ‘மேல வீதி’ என்று தட்டச்சு செய்தால் ஹெட்செட்டுக்குள் ‘மலே வீதி’ என்று தெரியும். எழுத்துருவை மாற்றிப் பார்த்து நாள்களை வீணாக்க வேண்டாம். அறிவுறுத்தல்களை லிப்ரே ஆபீஸில் பெரிய எழுத்தில் தட்டச்சு செய்து, படமாக மாற்றி, அந்தப் படத்தை மெய்நிகர் பலகையில் ஒட்டுவதே உறுதியான வழி. அதைவிட நல்லது, அறிவுறுத்தல்களைக் குரலில் பதிவு செய்து ஒலிக்கச் செய்வது; ஹெட்செட்டுக்குள் நீண்ட வாசகம் படிப்பது கண்ணுக்குச் சுமை, மேலும் எல்லோருக்கும் ஒரே குரலில் ஒரே சொற்கள் போய்ச் சேரும். தரவுக் கோப்பில் கடைப் பெயர்களுக்குப் பதிலாக எண் குறியீடுகளை எழுதிவிட்டால், எக்செலில் திறக்கும்போது தமிழ் சிதைந்து தெரிவதும் தவிர்க்கப்படும்.

ஆளை அமர வைத்தல்

ஆய்வகம் சிறியதாக இருந்தால் பங்கேற்பாளரை நடக்க விட முடியாது; கன்ட்ரோலரின் குச்சியால் நகரச் செய்ய வேண்டும். ஆனால் திரும்புவதை மட்டும் குச்சிக்கு விடாதீர்கள். உடல் உண்மையாகத் திரும்பாமல் காட்சி மட்டும் திரும்பும்போது பெரும்பாலோர் தாம் எந்தத் திசையை நோக்கி நிற்கிறோம் என்பதை மனத்தில் திருத்திக்கொள்வதில்லை என்பதை 1998ஆம் ஆண்டின் ஓர் ஆய்வு காட்டியிருக்கிறது. திசையை அளக்கும் ஆய்வில் இது அடிப்படையையே பாதிக்கும். கைப்பிடி இல்லாத சுழல் நாற்காலி ஒன்று இந்தச் சிக்கலைத் தீர்த்துவிடும். கேபிள் இல்லாமல் ஓடும் ஹெட்செட்டாக இருந்தால் சுற்றிச் சுற்றித் திரும்பினாலும் கழுத்தில் எதுவும் சிக்காது.

நொடிக்கு 72 ஃபிரேம் காட்டும் ஹெட்செட்டில் ஒவ்வொரு ஃபிரேமையும் வரைய 13.9 மில்லிநொடிதான் கிடைக்கிறது. ஊரில் கடைகளும் விளக்குகளும் நிழல்களும் கூடக்கூட அந்த நேரம் போதாமல் காட்சி திக்கும், பங்கேற்பாளருக்குத் தலை சுற்றும். அழகைக் குறைத்து ஓட்டத்தைச் சீராக்குங்கள். சித்திரை, வைகாசி வெயிலில் மின்விசிறி மட்டுமுள்ள அறையில் ஹெட்செட் சூடேறித் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும் என்பதால், குளிரூட்டப்பட்ட அறை இல்லையென்றால் காலை நேரத்திலேயே முடித்துக்கொள்வது நல்லது. ஹெட்செட்டைச் சன்னல் ஓரத்தில் வைக்கவே கூடாது. லென்ஸ் வழியே குவியும் வெயில் உள்ளிருக்கும் திரையைப் பொசுக்கிவிடும்.

ஒருமுறை முதலாண்டு மாணவி ஒருவர் தலை நிறைய மல்லிகைச் சரத்தோடு வந்திருந்தார். ஹெட்செட்டின் பின்பட்டை பூவின் மேல் அமர்ந்ததால் நழுவிக்கொண்டே இருந்தது, பட்டையை இறுக்கினோம், கண்ணுக்கு நேராக லென்ஸ் நிற்கவில்லை, எழுத்து மங்கலாகத் தெரிகிறது என்றார். பூவை எடுக்கச் சொல்ல எங்களுக்கும் தயக்கம், எடுக்கிறேன் என்று சொல்ல அவருக்கும் தயக்கம். அன்றைய அவர் தரவைப் பயன்படுத்த முடியாமல் போயிற்று. அதன் பிறகு அழைப்பிலேயே, தலையில் பூ வைக்காமலும் கொண்டையைத் தாழ்வாகப் போட்டுக்கொண்டும் வர இயலுமா என்று மரியாதையாகக் கேட்டு எழுதிவிடுகிறோம். வியர்வை, எண்ணெய், குங்குமம் ஆகியவை முகத்தணையில் படியும் என்பதால் துடைக்கக்கூடிய உறை போட்டு, ஒவ்வொருவருக்கும் பிறகு துடையுங்கள். கண்மணிகளுக்கு இடையிலான தூரத்துக்கு ஏற்ப லென்ஸை நகர்த்தி வைப்பதும் அப்போதே செய்ய வேண்டியது. குவெஸ்ட் 2இல் அதற்கு 58, 63, 68 மில்லிமீட்டர் என்று மூன்று நிலைகள் இருக்கின்றன. எந்த நிலையில் வைத்தீர்கள் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

மனிதர்களை வைத்துச் செய்யும் ஆய்வுக்கு நிறுவனத்தின் அறநெறிக் குழுவின் ஒப்புதல் இல்லாமல் ஒருவரையும் அழைக்கக் கூடாது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017இல் வெளியிட்ட தேசிய நெறிமுறைகளைப் படித்துவிட்டு விண்ணப்பத்தை எழுதுங்கள். ஒப்புதல் படிவம் பங்கேற்பாளர் பேசும் தமிழில் இருக்க வேண்டும். வலிப்பு நோய் உள்ளவர்கள் கலந்துகொள்ளக் கூடாது, குமட்டல் வரலாம், எந்த நொடியிலும் காரணம் சொல்லாமல் விலகலாம் என்ற மூன்றும் அதில் தெளிவாக இருக்கட்டும். தலைச்சுற்றலை அளக்க 1993இல் வெளிவந்த, 16 அறிகுறிகளை 0 முதல் 3 வரை மதிப்பிடும் வினாப்பட்டியலை அமர்வுக்கு முன்னும் பின்னும் கொடுங்கள். ஒரே மூச்சில் 15 நிமிடத்துக்கு மேல் ஹெட்செட்டுக்குள் வைத்திருக்க வேண்டாம் என்பது என் கருத்து. முடிந்ததும் தண்ணீரோ மோரோ கொடுத்து இருபது நிமிடம் அமர வைத்த பிறகே அனுப்புங்கள். பலர் இருசக்கர வண்டியில் வந்திருப்பார்கள். தலை தெளியாதவரை அந்த நெரிசலுக்குள் அனுப்புவது நம் பொறுப்பை மீறுவதாகும்.

முன்னோட்டமும் முதல் நாளும்

நான்கு பேரை வைத்து முன்னோட்டம் நடத்துங்கள், வரிசைமுறைக்கு ஒருவராக. இவர்களுடைய தரவு கடைசிக் கணக்கில் சேராது. எனவே மாற்ற வேண்டியதை எல்லாம் இப்போதே மாற்றலாம். இந்த நான்கு கோப்புகளை வைத்து, ஆர் என்ற புள்ளியியல் நிரல்மொழியிலோ ஜாஸ்ப் என்ற இலவசப் புள்ளியியல் மென்பொருளிலோ, கடைசியில் செய்யப்போகும் பகுப்பாய்வை முழுமையாகச் செய்து பாருங்கள். ஏதேனும் ஒரு நெடுவரிசை குறைகிறது என்பது அப்போதுதான் தெரியவரும். கருதுகோளையும், எந்தத் தரவை எக்காரணத்தால் நீக்குவீர்கள் என்பதையும் எழுதி, தரவு திரட்டும் முன்பே பொதுப் பதிவேட்டில் தேதியோடு பதிவு செய்வதற்கும் இதுவே நேரம். அதன் பிறகு செயலியை உறையிட்டது போல வைத்துவிட்டு 36 பேரை அழைக்கத் தொடங்குங்கள்.

முதல் பங்கேற்பாளர் போன அன்றைக்கே, விளக்கை அணைப்பதற்கு முன், அவருடைய கோப்பைத் திறந்து பாருங்கள். 40 வரிகள் இருக்கின்றனவா என்று எண்ணுங்கள். கோபுரம் தெரிந்த ஊர் எது என்று அறைக் குறிப்பேட்டில் நீங்கள் கையால் எழுதியதும் கோப்பில் இருப்பதும் ஒன்றா என்று பாருங்கள். பிழை நெடுவரிசையில் 180ஐ விடப் பெரிய எண் எங்காவது இருக்கிறதா என்று தேடுங்கள். நேர நெடுவரிசையில் அரை நொடிக்கும் குறைவான எண்கள் இருந்தால் அவர் விசையைத் தவறுதலாக இருமுறை அழுத்தியிருக்கக்கூடும். பிறகு அந்தக் கோப்பைத் தாளில் முதல் நாள் எழுதிய வரியின் பக்கத்தில் வைத்து, இரண்டும் ஒத்துப்போகின்றன என்று கையொப்பமிட்டுத் தேதி போட்டுக் குறிப்பேட்டில் ஒட்டுங்கள். இரண்டாமவருக்கான நேரத்தை அதன் பிறகு உறுதி செய்யலாம்.